எந்த மெனுவில் இருக்கிறது?

பெஹாலா, கொல்கத்தா
ஆகஸ்ட் 10

அன்புள்ள சாவித்திரிக்கு,

அண்ணா எழுதிக்கொள்வது. நீயும் மதுவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பியே ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் நான் சொல்வதில் பாதிதான் உன் காதில் விழுகிறது. விழுந்த பாதியையும் சரியாகத்தான் சொன்னேனா என்று போனை வைத்தபிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கடிதம் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

இங்கே மழை விடவில்லை. தெருவில் தண்ணீர் நின்று, கீழ்வீட்டு முகர்ஜி பாபு கேட்டிலிருந்து படிவரைக்கும் செங்கல் வரிசை போட்டிருக்கிறார். அதன்மேல் நடக்கப் பயந்து நான் வெளியே போவதில்லை. பால், காய்கறி எல்லாம் பூர்ணிமாதான் வாங்கி வருகிறாள். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். பழைய மாத்திரையே தேவலை என்று தோன்றுகிறது. அவரிடம் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பெண் பூர்ணிமா கொஞ்ச நாளாகப் போனில் "உம்", "சரி" என்பதற்கு மேல் ஏன் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது. உன்னிடம் சொன்னால் உடனே கும்பகோணம் கிளம்பி வா என்பாய், வந்த கையோடு மாப்பிள்ளை பிரேம்குமார் வீட்டாரை வரவழைத்து நாக்பூருக்கே அனுப்பிவிடுவாய் என்று பயப்படுகிறாள். கோபிக்காமல் படி. மதுவுக்கு வரன் பார்க்கிற சமயத்தில், மூத்தவள் புருஷனை விட்டு மாமா வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்கு எவ்வளவு சங்கடம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த வேலை இருக்கும்வரைதான் அவளால் "நான் இங்கேயே இருக்கேன்" என்று உன்னிடம் சொல்ல முடியும்.

விஷயம் இதுதான். இங்கே நம் தமிழ்ச் சங்கம் நடத்தும் பள்ளி தமிழ்க் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது என்றாலும் இப்போது வங்காளி, பீகாரி, தெலுங்குப் பிள்ளைகள்தான் அதிகம். பலர் கிடர்பூர் துறைமுகத்தில் லாரியும் கிரேனும் ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அங்கே கம்ப்யூட்டர் அறையைப் பூர்ணிமாதான் நடத்துகிறாள். இருப்பதெல்லாம் அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய பெட்டிகள். அவற்றில் லினக்ஸும் மற்றக் கட்டற்ற மென்பொருள்களும் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இவற்றை யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அப்பா சாந்தினி மார்க்கெட்டில் பழைய லாப்டாப் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தால், பிள்ளை பள்ளியில் செய்ததையே வீட்டிலும் செய்யலாம். திருட்டுப் பிரதி என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் பாடம் எடுப்பதை ஒருநாள் வராந்தாவிலிருந்து பார்த்தேன். எல்லாப் பெட்டிகளிலும் மெனுவை மலையாளத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். அந்த அறையில் ஒரு பிள்ளைக்கும் மலையாளம் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு மார்க் பட்டியலைக் கொடுத்து, அதிக மார்க் மேலே வருகிற மாதிரி அடுக்குங்கள் என்றாள். "தீதி, கிச்சு போஜா ஜாச்சே நா", ஒன்றும் புரியவில்லை அக்கா என்று பிள்ளைகள் கத்தின. பித்தானின் பெயர் தெரியாவிட்டால் போகட்டும், உனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரிகிறதா என்று வங்காளியில் கேட்டாள். கொஞ்ச நேரம் ஒரே அமளி. பிறகு ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வரும்போது நான் கேட்டதற்குப் பூர்ணிமா சொன்னாள்: "நாளைக்கு எவனாவது மெனுவைக் கலைச்சுப் போட்டா இதுகள் முழிச்சுண்டு நிக்கக் கூடாது மாமா. இன்னிக்கே நான் கலைச்சுப் போட்டுடறேன்."

இப்போது ஒரு கம்பெனி வந்திருக்கிறது. புது டேப்லெட்டுகள் தருகிறார்கள், பயிற்சியாளரையும் அவர்களே அனுப்புகிறார்கள், பத்தாம் வகுப்பு முடிவில் தங்கள் பெயர் போட்ட சான்றிதழும் உண்டு. சில வருஷத்துக்கு எல்லாம் இனாம். பதிலுக்குப் பள்ளியில் அவர்களுடைய மென்பொருளை மட்டும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற காரியதரிசி ராஜாராமனுக்கு ஒரே சந்தோஷம். மாதக் கடைசியில் நிர்வாகக் கமிட்டி கூடி முடிவு செய்கிறது.

அந்தக் கமிட்டியில் நானும் ஒரு மூலையில் உட்காருகிறேன். நீங்கள் பேசினால் கேட்பார்கள் மாமா என்று பூர்ணிமா சொல்கிறாள். நாலு பேர் முன்னால் எழுந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியாததா. எழுத்தில் ஒரு குறிப்பு தருகிறேன் என்றேன். துறைமுக அலுவலகத்தில் வாழ்க்கை முழுக்கச் செய்தது அதுதானே.

மாதக் கடைசி வரைக்கும் நாக்பூர் பேச்சை அவளிடம் எடுக்காதே. மது ஜாதகத்தை இரண்டு பிரதி அனுப்பினாயானால் இங்கே பவானிப்பூரில் ஒருவரிடம் காட்டுகிறேன்.

உங்கள் நலத்தையே வேண்டும்,
பத்மநாபன்

*

பெஹாலா
செப்டம்பர் 2

அன்புள்ள சாவித்திரிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதமும் ஜாதகமும் வந்தன. மாயவரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் "மூத்த பொண்ணு எங்கே" என்று இரண்டு தடவை கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

கமிட்டி கூடி முடிந்துவிட்டது. கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்மானம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று நடந்த வரிசையில் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கே புரிகிறது.

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோப்பில் குறிப்பு எழுதுகிறவன் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதக் கூடாது. மாற்றுத் தரப்பை முதலில் வைக்க வேண்டும். அவர்களே எழுதினாலும் இவ்வளவு நன்றாக எழுத முடியாது என்கிற மாதிரி எழுத வேண்டும். அடுத்த பக்கத்தில் இந்தத் தரப்பு. அடியில் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று கையெழுத்து. என் குறிப்பைப் படித்து நான் எந்தப் பக்கம் என்று எந்த மேலதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பூர்ணிமா என் சொந்தத் தங்கையின் பெண். ஆகவே யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வழக்கத்தைவிட ஜாக்கிரதையாக இருந்தேன். கம்பெனித் தரப்புக்கு என்னவெல்லாம் சொல்லலாம் என்று தேடித் தேடிச் சேர்த்தேன். பெற்றோர் பிரதிநிதி மணிவேல் கிடர்பூரில் லாரி ஓட்டுகிறார். மழை விட்ட ஒரு நாளில் அவரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துத் தன் மூத்த பெண் கீதாஞ்சலியைப் பற்றிச் சொன்னார்.

"டீச்சரம்மா சொல்லிக் குடுத்ததெல்லாம் அதுக்கு அத்துப்படி சார். பொய் சொல்லக் கூடாது. செக்டார் ஃபைவ்ல ஒரு ஆபீசுக்கு இண்டர்வியூ போச்சு. இன்ன கம்பெனி சாஃப்ட்வேர் தெரியுமான்னு கேட்டிருக்கான். பேரு எதுவா இருந்தா என்ன, வேலையைக் குடுங்க, செஞ்சு காட்டுறேன்னு இது சொல்லிச்சாம். அவன் சிரிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டான். எந்த வண்டியைக் குடுத்தாலும் நானும்தான் ஓட்டுவேன் சார். லைசென்ஸ் இல்லாம எவன் சாவி குடுப்பான், சொல்லுங்க."

அவர் சொன்னதை அப்படியே குறிப்பில், முதல் பக்கத்தில், சேர்த்தேன்.

கூட்டத்தில் ராஜாராமன் என் குறிப்பை எடுத்து வாசித்தார். அவருக்கு நல்ல குரல். முதல் பக்கத்தை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு படித்தார். அதைக் கேட்டபோது எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. பக்கம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இதுக்கு மேல என்ன வேணும்? பூர்ணிமாவோட மாமாவே எழுதியிருக்கார். மிச்சமெல்லாம் டெக்னிக்கல், எல்லாருக்கும் காப்பி கொடுத்தாச்சு" என்று கீழே வைத்துவிட்டார்.

அடுத்த பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. இந்த டேப்லெட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இனாம் காலம் முடிந்தபிறகு யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு கம்பெனியின் பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பது அந்தக் கம்பெனியின் வேலையா, பள்ளிக்கூடத்தின் வேலையா என்று கேட்டிருந்தேன். நான் கையைத் தூக்கினேன். காது வரைக்கும்தான் தூக்கியிருப்பேன் போல. ராஜாராமன் என்னைப் பார்த்து, "டீ இதோ வந்துண்டிருக்கு சார்" என்றார். நானும் கையை இறக்கிக்கொண்டேன்.

பூர்ணிமாவைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தவுடனே பொக்கிஷதார் ஜெய்ராம், "உலகத்துலயே பெங்கால்ல, தமிழ் ஸ்கூல்ல, மலையாளத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கறது நம்மாத்துலதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான், வேறு சமயமானால் அவளே சிரித்திருப்பாள். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்று, பிள்ளைகளுக்கு அந்தக் கம்பெனியின் மென்பொருளையும் சொல்லிக்கொடுக்கிறேன், அதை மட்டும் சொல்லிக்கொடு என்று சொல்லாதீர்கள் என்றாள். ஒப்பந்தத்தில் "மட்டும்" என்று இருக்கிறதே அம்மா, நாம் என்ன செய்வது என்றார் ராஜாராமன். மணிவேல் மட்டும் தலையைக் குனிந்தபடி, "டீச்சர் மேல ஒண்ணும் குறையில்லைங்க" என்றார். கை மட்டும் கம்பெனி பக்கம்தான் தூக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டேன் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், ஓட்டெடுப்பின்போது நான் உள்ளே இல்லை. சம்பந்தப்பட்டவள் என் மருமாள், ஆகவே நான் வாக்களிப்பது முறையாகாது என்று சொல்லி வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அதை மட்டும் தடுமாறாமல் சொன்னேன். ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஜெய்ராமின் மச்சினன் அந்தக் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறான். எல்லோருக்கும் தெரியும். ஜெய்ராம் எழுந்து போகவில்லை. முறை என்று பார்த்தால் நான் செய்ததுதான் முறை. எத்தனை தடவை யோசித்தாலும் அதில் தப்பு எங்கே என்று என்னால் காட்ட முடியவில்லை, ஆனால் தப்பு.

பஸ்ஸில் அவளுக்கும் எனக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. என் குடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தாராதலா தாண்டினபிறகு, "வெளில போகாம இருந்திருக்கலாமே மாமா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வழக்கம்போல ராத்திரி கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. கம்பெனி நடத்தும் பரீட்சையில் தேறினால், அவர்களுடைய பயிற்சியாளருக்கு உதவியாக இருந்துகொள்ளலாம் என்று ராஜாராமன் சொல்லியிருக்கிறார். சம்பளம் குறையும். குறைந்தால் என்ன, இங்கே சாப்பாட்டுக்கா பஞ்சம். முதலில் அவள் மாட்டேன் என்றாள். நான்தான் கெஞ்சி விண்ணப்பம் போடச் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது ஒரு பரீட்சையா. நீ கவலைப்படாதே. நான் படுகிறேன், அது போதும்.

அன்புடன்,
அண்ணா

*

பெஹாலா
அக்டோபர் 8

அன்புள்ள சாவித்திரிக்கு,

பூஜை விடுமுறையில் தபாலாபீஸ் மூடியிருந்தது. இன்றுதான் திறந்தார்கள். இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை.

பூர்ணிமா பரீட்சையில் தேறவில்லை. போனில் உன்னிடம் "சரியா வரலைம்மா" என்று சொன்னாள் என்று அறிகிறேன். நீ அவள் படிக்காமல் போனாள் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சால்ட் லேக்கில் அவர்கள் அலுவலகத்தில் நடந்தது. திரையில் கேள்வி வரும், கீழே நான்கு பதில், ஒன்றைத் தொட வேண்டும். ஒரே கடிதத்தைப் பல பேருக்கு அனுப்பும் வசதி எந்த மெனுவில் இருக்கிறது. பக்க எண் எந்த மெனுவில் இருக்கிறது. இந்தப் படம் போட்ட பித்தான் எந்த வரிசையில் இருக்கிறது. கடைசிவரை இதேதான். சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "செய்னு சொல்லியிருந்தா அத்தனையும் செஞ்சிருப்பேன் மாமா. எங்க இருக்குன்னு கேக்கறா. எங்க இருக்குன்னு நான் என்னிக்கும் மனசுல வெச்சுண்டதே இல்லை. தேடிண்டுதான் போவேன்." கொஞ்சம் மார்க்கில்தான் போய்விட்டது. மறுபடி எழுத ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை இடத்தை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ராஜாராமன் என்னை மார்க்கெட்டில் பார்த்து, "டீச்சரே ஃபெயில்னா குழந்தைகள் கதி என்ன சார்? நல்ல வேளை, நாம முன்னாடியே முழிச்சுண்டோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நிம்மதியோடு சொன்னார். நான் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

பழைய பெட்டிகளை பிக்ரிவாலாவுக்குப் போட்டுவிட்டார்கள். வீட்டு வீட்டுக்குப் பழைய சாமான் எடுக்க வருவானே, அவன்தான். எடை போட்டு எடுத்துக்கொண்டு போனான். பூர்ணிமா அன்றைக்கு விடுப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய், ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் எழுதி வைத்திருந்ததைத் தனித்தனியாகப் பிரதி எடுத்து அவரவர்க்குக் கொடுத்துவிட்டு வந்தாள். புது டேப்லெட்டில் அது திறக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

புதுப் பயிற்சியாளர் நல்ல பையன். மரியாதை தெரிந்தவன். என் பென்ஷன் சான்று ஒன்றில் தலைமையாசிரியரின் கையெழுத்து வாங்கப் பள்ளிக்குப் போனபோது என் காலைத் தொட்டு வணங்கினான். பிள்ளைகள் பளபளவென்று புது டேப்லெட்டை வைத்துக்கொண்டு, அவன் சொன்ன இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தொட்டார்கள். எல்லாத் திரையிலும் ஒரே சமயத்தில் அதே படம் வந்தது. ஒருவரும் கத்தவில்லை. சந்தோஷமாக இருக்கிறார்கள், சாவித்திரி. பூர்ணிமா தீதி எங்கே என்று அந்த அறையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. குழந்தைகள்தானே, அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஒரே ஒரு பெண் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு மலையாள மெனுவில் கண்டுபிடித்துச் சத்தம் போட்டதே, அந்தப் பெண். டேப்லெட்டுக்குள் போவதற்கான அதன் கணக்கை அப்பாவின் போன் நம்பரில் திறந்திருக்கிறார்கள். அப்பா சிம் கார்டை மாற்றிவிட்டார். இப்போது உள்ளே போக முடியவில்லை. துர்கா பூஜைக்கு எழுதி வைத்த நாடகம் முழுக்க அதற்குள் இருக்கிறது. பயிற்சியாளர் பெங்களூரில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்கு எழுதச் சொன்னானாம், எழுதிப் பதில் இல்லை. "தீதி, நீங்கள் திறந்துவிடுவீர்கள்" என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது. பூர்ணிமா அதைப் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் விளக்கினாள். அது என் கையில் இல்லை என்று வங்காளியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் நம்பவே இல்லை. தீதிக்குக் கோபம், அதனால்தான் செய்ய மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டது. அது போனபிறகு பூர்ணிமா கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அவள் அப்படி இருக்கவில்லை.

நான் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும் என்று பதில் வந்தது. அடுத்த கூட்டம் எப்போது என்று அதில் இல்லை. எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. யார் சொன்னது சரி என்றே இன்னும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மணிவேல் சொன்னது பொய்யில்லை. அந்தப் பெண் கீதாஞ்சலிக்குச் சான்றிதழ் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும். ஆனால் சாவியை வைத்திருக்கிறவன் சொல்கிறபடியே எல்லாப் பிள்ளைகளையும் வளர்ப்பது என்று ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால், வேறு எங்கே போய் அவர்கள் வேறு மாதிரிக் கற்றுக்கொள்வார்கள்? இதைத்தான் நான் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் நன்றாக வாக்கியம் வருகிறது.

நேற்று சாயங்காலம் அவளை ஹௌராவில் ரயில் ஏற்றிவிட்டேன். சென்னையில் இறங்கி வண்டி மாறிக் கும்பகோணம் வருகிறாள். இந்தத் தபால் அவளுக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை நாக்பூரிலிருந்து வருகிறார்கள் என்று மது அவளுக்கு அனுப்பியிருந்த செய்தியை என்னிடம் காட்டினாள். காட்டிவிட்டுப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். எத்தனை புடவை வைக்கிறாள் என்று நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். எல்லாவற்றையும் வைத்தாள்.

சாவித்திரி, அவளை அனுப்பாதே. அவள் சரி என்று சொன்னாலும் அனுப்பாதே. இப்போது யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்கிற நிலையில் இருக்கிறாள். நான் கும்பகோணம் போகச் சொல்லவில்லை, போகிறேன் என்றாள். போகாதே என்றும் நான் சொல்லவில்லை. வேலை இல்லாமல் உங்களுக்குப் பாரமாக எப்படி இருப்பது மாமா என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் என்று நான் யோசிப்பதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அவள் கொடியில் துணி உலர்த்தும்போது கொஞ்சம் கவனித்துப் பார். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டாள். வலது கையாலேயே எறிந்து போட்டு, பிறகு சரி செய்வாள். நாக்பூரிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அதையேதான் சொன்னாள். நீ அவளைக் கேட்க வேண்டாம். பார்த்தால் போதும், நீ அவளைப் பெற்றவள்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து நல்லபடியாகத் திருப்பி அனுப்பிவிடு. மதுவுக்கு இதனால் ஒரு வரன் தவறினால் இன்னொரு வரன் வரும். வராமல் போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் சொல்கிறேன். மாடி அறையைப் பூர்ணிமாவுக்குக் கொடு. கொஞ்ச நாள் யாரும் எதையும் கேட்காமல் இருக்கட்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம் என்று அவளிடம் சொல். வேலை கிடைத்தால்தான் என்று இல்லை.

ரயில் கிளம்புவதற்கு முன்னால், அந்தக் கூட்டத்தில், பிளாட்பாரத்திலேயே குனிந்து நமஸ்காரம் பண்ணினாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நாம் வழக்கமாகச் சொல்கிற ஆசீர்வாதம் ஒன்றுதானே, தீர்க்க சுமங்கலியாக இரு என்று. அதை அவளுக்கு எந்த வாயால் சொல்வேன்? வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து நின்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

வேறு ஆசீர்வாதம் ஏதாவது உனக்குத் தெரிந்தால், அவள் தலையில் கை வைத்து, மாமா சொன்னார் என்று சொல்லிவிடு.

பத்மநாபன்